ஒப்புதல் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள்: கத்தோலிக்க மேல்நிலைப்பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய மறைமாவட்ட ஆயர் அவர்களுக்கும், ஆர்.சி. பள்ளிகளின் மேலாளர் தந்தை அவர்களுக்கும், பள்ளித் தாளாளர் தந்தை அவர்களுக்கும்,

ஆண்டுத் தேர்வின் கடைசி நாளில் ஆறாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரையுள்ள எல்லாப் பிள்ளைகளிடமும் 'பெற்றோர் மாணவர் ஒப்புதல் படிவம்' என்று நான்கு பக்கத் தாளைக் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். பள்ளி திறக்கும் நாளில் அதைக் கையெழுத்துடன் கொண்டுவராத பிள்ளைக்கு வகுப்பில் இடமில்லை என்று கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கிறது. கூடவே, வரும் கல்வியாண்டில் ஆறாம் வகுப்புத் தமிழ்வழிப் பிரிவுக்குச் சேர்க்கை இல்லை என்ற அறிவிப்பும் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் படிவத்தில் நாங்கள் கையெழுத்திடப் போவதில்லை. ஏன் என்று சொல்லவும், அதற்குப் பதிலாகப் பள்ளி என்ன செய்யலாம் என்று காட்டவுமே இதை எழுதுகிறோம்.

பள்ளியில் ஒழுங்கு வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்ற நிபந்தனையை முழுமனதோடு வரவேற்கிறோம். நாங்குநேரியில் 2023-இல் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே சாதி வெறியில் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழுவும் 2024 ஜூனில் அதையே பரிந்துரைத்தது. தென்மாவட்டத்துப் பள்ளியில் கயிற்றின் நிறம் எதைச் சொல்கிறது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் கயிற்றை அறுத்துவிட்டு, விளையாட்டு அணிகளைப் பேருந்துத் தடம் பார்த்துப் பிரித்தால் என்ன பயன்? ஒரு தடத்தில் வருகிறவர்கள் ஒரே ஊர், ஒரே தெரு. நான்கு அணிகளும் நான்கு சாதிகளாகிவிடுகின்றன. விளையாட்டு விழாவில் எழும் கோஷம் ஊருக்குப் போய் வேறு மாதிரி முடிகிறது. சேர்க்கை எண்ணை நான்கால் வகுத்து வரும் மீதியைக் கொண்டு அணி ஒதுக்குங்கள். ஒரு மாலை வேலை. யாரும் யாரிடமும் பரிந்துரைக்கு வர முடியாது.

இனி நாங்கள் ஏற்க முடியாதவற்றுக்கு வருகிறோம்.

முதலாவது, தாமதம். காலை 8.50-க்கு வாயில் பூட்டப்படும். மூன்று முறை தாமதமானால் பெற்றோர் நேரில் வர வேண்டும். ஆறு முறை ஆனால் 'மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வாயிற்காவலர் வைத்திருக்கும் தாமதப் பதிவேட்டில் பெயர், வகுப்பு, நேரம் என மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. நான்காவதாக 'ஊர், பேருந்து' என்று ஒரு கட்டம் சேர்த்து ஒரே ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் மூன்று, நான்கு ஊர்களுக்குள் அடங்கிவிடும். அந்த ஊர்களுக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. முன் நிறுத்தத்திலேயே வண்டி நிறைந்துவிட்டால், இலவச பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் நிற்கும் இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். புத்தகப் பையோடு ஓடி ஏறுவது பெரிய பையன்கள் மட்டும்தான். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் விடும் நாளில் பெண்பிள்ளைகள் குடம் நிரப்பிவிட்டுத்தான் கிளம்ப முடியும். இந்தப் பிள்ளைகளைத் தண்டித்தால் பேருந்து சீக்கிரம் வந்துவிடாது.

செய்ய வேண்டியது வேறு. ஜூன் முதல் வாரத்திலேயே தலைமை ஆசிரியர் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். பொதுவாக 'பேருந்து வசதி வேண்டும்' என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். தட எண், நிறுத்தத்தின் பெயர், அந்த நிறுத்தத்தில் ஏறும் பாஸ் உள்ள மாணவ மாணவியர் எண்ணிக்கை, பள்ளி நிறுத்தத்துக்கு வண்டி வந்து சேர வேண்டிய நேரம் ஆகிய நான்கும் ஒரு பக்கத்தில் அட்டவணையாக இருக்க வேண்டும். நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் போக வேண்டும். பதினைந்து நிமிடம் முன்னே தள்ளுவது கிளை அளவில் நடக்கக்கூடிய மாற்றம்தான். அது நடக்கும்வரை, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரிடம் ஒரு பட்டியல் இருந்தால் போதும். பேருந்தால் தாமதமான பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். காரணமில்லாமல் கடைத்தெருவில் நின்றுவிட்டு வரும் பிள்ளையைத் தனியே விசாரியுங்கள். இரண்டையும் ஒரே பதிவேட்டில் ஒரே கணக்காக எழுதுவதுதான் அநீதி.

தாமதத்தோடு சேர்ந்ததுதான் காலை வழிபாட்டுக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, செபம், நற்செய்தி வாசகம், திருக்குறள், செய்திகள், உறுதிமொழி, நாட்டுப்பண் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். அது இருபத்தைந்து நிமிடம் இழுப்பதற்குக் காரணம், கட்டணம் பாக்கி வைத்தவர்கள், தாமதமாக வந்தவர்கள், காலணி போடாதவர்கள் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு மதிய உணவுதான் முதல் உணவு என்ற வீடுகள் இந்தப் பள்ளியைச் சுற்றி நிறைய உண்டு. வெயிலில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவது உடற்கல்வி ஆசிரியருக்கு வாடிக்கையாகிவிட்டது. முழுப்பள்ளிக் கூட்டத்தைத் திங்கட்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் வகுப்பறையிலேயே செபம் போதும். எந்தப் பிள்ளையின் பாக்கியையும் மற்றப் பிள்ளைகள் காதில் விழச் சொல்லாதீர்கள். அது பெற்றோருக்கும் அலுவலக எழுத்தருக்கும் இடையில் முடிய வேண்டிய பேச்சு.

இரண்டாவதுதான் எங்களை மிகவும் வதைப்பது. 'ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் ஏதேனும் இரண்டு பாடத்தில் 35-க்குக் கீழ் பெறும் மாணவருக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கப்படும்.' இந்த ஒரு வரி எதற்காக எழுதப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாயிலில் தட்டி வைக்க வேண்டும். தேறாதவர்கள் என்று நினைக்கும் பிள்ளைகள் அதற்கு முந்தைய ஆண்டே வெளியேற வேண்டும். எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது என்பதால் ஒன்பதில் வெட்டு விழுகிறது.

மே மாதத்தில் டி.சி. வாங்கிய பதினான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகிறது? மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் நம் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டுப் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. வேறொரு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும். தகப்பன் திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருக்க, பாட்டிதான் வீட்டில் இருக்கிறார் என்றால், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலையப் பாட்டியால் முடியாது. பையன் செங்கல் சூளைக்கோ வெல்டிங் பட்டறைக்கோ போகிறான். பெண் என்றால் வீட்டில் வரன் பேச்சு தொடங்குகிறது. 'தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாமே' என்று அலுவலகத்தில் ஆறுதல் சொல்கிறார்கள். தனித்தேர்வர் அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிவு செய்து, சொல்லும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி முடித்தாக வேண்டும். அதற்கான அறிவிப்பு எப்போது வருகிறது என்றே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவராது.

இவர்களைத் தேற வைக்க முடியாதா என்றால், முடியும். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண் வினா இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் உண்டு. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் தந்து முக்கோணம் வரைதல், இருபடிச் சமன்பாட்டு வரைபடம், நேர்மாறல், எதிர்மாறல் என்று வகைகள் எண்ணி முடிக்கக்கூடியவை. இயற்கணிதம் சுத்தமாகப் புரியாத பிள்ளையும் கை பழகினால் இந்த 16 மதிப்பெண்ணை வாங்கும். அங்கே மதிப்பெண் போவது அறியாமையால் அன்று. உதவிப்படம் போடாமல் தொடங்குவது, வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறப்பது, மழுங்கிய பென்சில், திருகு தளர்ந்த கவராயம், இவைதான் காரணம். வாரம் ஒரு வரைபடம், ஒரு வடிவியல் என்று ஜூனில் தொடங்கி ஜனவரிவரை போட்டால் போதும். புத்தகப் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களைப் பழகினால் பதினான்கில் பத்து வரும். இரண்டு மதிப்பெண்ணில் நான்கு கணக்கு. ஆக 34. ஏதாவது ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கில் சூத்திரத்தை எழுதி இரண்டு வரி சரியாகப் போட்டால் பிள்ளை தேர்ச்சி பெற்றுவிடும்.

அறிவியலிலும் அப்படித்தான். எழுத்துத் தேர்வு 75-க்கு, செய்முறை 25-க்கு. செய்முறையில் குறைந்தது 15, எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுக்க வேண்டும், மொத்தம் 35 வர வேண்டும். ஆய்வகத்தைப் பொதுத் தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் திறக்காமல் ஆண்டு முழுதும் திறந்து வைத்தால், பின்தங்கிய பிள்ளையும் செய்முறையில் இருபதுக்கு மேல் எடுத்துவிடும். அப்புறம் எழுத்துத் தேர்வில் அந்தக் குறைந்தபட்ச 20 எடுத்தாலே தேர்ச்சிதான். வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எட்டு, பத்துப் பேர் இருப்பார்கள். இவர்களுக்காக ஓர் ஆசிரியர் வாரத்தில் மூன்று மாலை ஒதுக்குவதைவிட டி.சி. எழுதுவது சுலபம்தான். ஆனால் சுலபமானதைச் செய்வதற்காக மறைமாவட்டம் பள்ளி நடத்த வேண்டியதில்லை.

அந்த மாலைப் படிப்பையும் இந்தப் படிவம் ஒழித்துவிடுகிறது. இதுவரை இலவசமாக நடந்த மாலைப் படிப்பு வேளை நிறுத்தப்பட்டு, மாதக் கட்டணத்துடன் கூடிய 'சிறப்புப் பயிற்சி' கட்டாயமாகிறது. பயிற்சி கொடுப்பவர்கள் வெளியிலிருந்து வரும் தனியார். அரசு சம்பளம் தரும் பிரிவில் படிக்கும் பிள்ளையிடம் எந்தக் கணக்கில் இந்தப் பணம் வாங்கப்படுகிறது, ரசீது யார் பெயரில் வருகிறது என்று படிவத்தில் ஒரு சொல் இல்லை.

இலவசப் படிப்பு வேளை எப்படி நடந்தது என்பது அதை மூடியவர்களுக்கு மறந்துபோயிருக்கலாம். மாலை 4.45 முதல் 6.15 வரை. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் பொறுப்பு. முதல் இருபது நிமிடம் அன்றன்றைய வீட்டுப்பாடம், அடுத்த நாற்பது நிமிடம் ஒரே பாடம், மீதி நேரம் எழுதிப் பார்ப்பது. ஐம்பது பேருக்குச் சுண்டல் போட இரண்டு கிலோ கொண்டைக்கடலை போதும். முந்தைய இரவே ஊறவைத்துவிட வேண்டும், மறந்தால் மறுநாள் வேகாது. செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்றார்கள், இனியும் ஏற்பார்கள். இதில் தவறு நடக்கக்கூடிய இடங்களும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. பொறுப்பாசிரியர் ஒருவரே இருந்தால் ஆபத்து; எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண், கதவு திறந்த அறை, கடைசிப் பிள்ளை பேருந்தில் ஏறும்வரை ஒருவர் வாயிலில் நிற்பது, இவை கட்டாயம். கடைசிப் பேருந்து 6.30 என்றால் படிப்பு 6.10-க்கு முடிய வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-உம் மாணவர் உதவி எண் 14417-உம் அந்த அறைச் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி, அப்படியொரு குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். நான்கு பக்கப் படிவத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பள்ளி தரும் உறுதி ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது, வழிபாடு. இதைப் பேசத் தயங்குகிறவர்கள் எங்களிலும் உண்டு. இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று நடக்கும் திருப்பலிப் பூசையில் எல்லா மாணவரும் சமயம் பாராமல் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது படிவம். இதுவரை கத்தோலிக்கப் பிள்ளைகள் கோவிலுக்குப் போவார்கள், மற்றவர்கள் வகுப்பில் நூலகப் புத்தகம் படிப்பார்கள். விரும்பி வருகிறவர்களைத் தடுத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் என்ன குறை கண்டீர்கள்? அரசியல் சாசனத்தின் 28(3)-ஆம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் வயது வராத பிள்ளையை அதன் காப்பாளர் சம்மதமின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. கையெழுத்து போடாவிட்டால் வகுப்பில் இடமில்லை என்று மிரட்டி வாங்குவது சம்மதம் ஆகாது. இந்திய ஆயர் பேரவையே 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், பிற சமய மாணவர் மீது நம் வழிபாட்டு மரபுகளைத் திணிக்க வேண்டாம் என்றும், காலைக் கூட்டத்தில் அரசியல் சாசன முகப்புரையை வாசிக்கச் செய்யுங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. ஆயர் பேரவை ஒன்று சொல்ல, மறைமாவட்டப் பள்ளி வேறொன்று செய்வது யாருக்குச் சாதகமாகும்? கிறிஸ்தவப் பள்ளிகள் மீது பழிபோடக் காத்திருப்பவர்களின் கையில் நாமே எழுதிக் கொடுக்கும் ஆதாரம் அது.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கோ ஞாயிறு திருப்பலி அட்டை. வாரந்தோறும் பங்குத்தந்தையிடம் கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமை காட்ட வேண்டும். நான்கு வாரம் விடுபட்டால் நன்னடத்தைச் சான்றிதழில் குறிப்பு. பங்குத்தந்தை தங்கியிருக்கும் பங்குத்தலத்துப் பிள்ளைக்கு இது முடியும். கிளைக்கிராமத்துப் பிள்ளைக்கு? மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் அங்கே திருப்பலி நடக்கிறது. மற்ற ஞாயிறுகளில் குருவானவருக்குப் பதிலாக உபதேசியார் வழிபாடு நடத்துகிறார். அவருடைய கையெழுத்தை அட்டை ஏற்பதில்லை. கிளைக்கிராமங்களில் பெரும்பாலானவை தலித் மக்களின் ஊர்கள் என்பதை ஆயர் அவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016-இல் இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று கொள்கை அறிக்கையே வெளியிட்டது. அந்த மக்களின் பிள்ளைக்குக் குருவானவர் வரவில்லை என்ற குறை, பிள்ளையின் நடத்தைக் குறையாகச் சான்றிதழில் ஏறலாமா? தவிர, கையெழுத்துக்காகப் பூசைக்கு வருகிற பிள்ளை, பள்ளி முடிந்த ஆண்டே வருவதை நிறுத்திவிடுகிறது. எந்தப் பங்குத்தந்தையைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

பிள்ளைகளின் உள்ளத்தைத் தொட்டது அட்டை அன்று. செவ்வாய், வியாழன் முதல் பாடவேளையில் நடந்த மறைக்கல்வியும் நன்னெறி வகுப்பும்தான். அவற்றை எடுத்துக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டீர்கள். அந்த வகுப்புகள் நோய்ப்பட்டிருந்தது உண்மை. பாடவேளை குறைவாக உள்ள ஆசிரியர் தலையில் கட்டப்பட்டன, ஏடு திருத்தும் நேரமாக மாறின, பதிலி வகுப்புக்கு முதலில் பறிபோயின. அதற்கு மருந்து, விருப்பமுள்ள ஆசிரியரை ஆண்டு முழுதும் நியமிப்பதும், கைக்கு எட்டும் வேலை கொடுப்பதும். முதியோர் இல்லத்துக்குப் போய்ச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது, நீண்ட விடுப்பில் இருக்கும் வகுப்புத் தோழனுக்கு ஏட்டைப் படியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது, வகுப்பில் நடந்த சண்டையை எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. இளம் மாணவர் இயக்கத்தின் 'பார், சிந்தி, செயல்படு' முறை இதற்கென்றே இருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் இஸ்லாமியப் பிள்ளையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள் இவை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை, எண்பது நிமிடம். அதைக்கூட மதிப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டால் பக்கத்துத் தனியார் பள்ளிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு வாயிலில் நிற்கும் சுரூபம் மட்டும்தான்.

நான்காவது, தமிழ்வழிப் பிரிவு. ஆங்கிலவழி சுயநிதிப் பிரிவுக்குத் தேவை இருக்கலாம், அதை எதிர்க்கவில்லை. தமிழ்வழியை மூடி அதை நடத்துவதைத்தான் எதிர்க்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே அரசு பணியாளர் நிர்ணயம் செய்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்க்கை இல்லையென்றால் எண்ணிக்கை சரியும், பணியிடம் உபரி ஆகும், ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போவார். ஒரு முறை போன பணியிடத்தைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்று மேலாளர் அலுவலகத்துக்குத் தெரியும். பிள்ளைகளின் இழப்பு அதைவிடப் பெரியது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைப்பது, அரசு உதவி பெறும் பள்ளியைப் பொறுத்தவரை, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் இந்த ஒரு முடிவால் கூலி வீட்டுப் பிள்ளை இவ்விரண்டையும் இழக்கிறது. மேற்கொண்டு சுயநிதிக் கட்டணமும் கட்டுகிறது. இதைச் சேர்க்கை நாளில் எந்தப் பெற்றோருக்கும் யாரும் சொல்லவில்லை.

விடுதியைப் பற்றியும் ஒரு சொல். 2014-ஆம் ஆண்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறும் வேலை கடினம் என்று சொல்லி மாணவியர் விடுதியை மூடப் போவதாகக் கேள்விப்படுகிறோம். சட்டம் கேட்பது பிள்ளைகளின் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளைத்தான். அவற்றைச் செய்துகொடுக்க உதவிக்கு வர நாங்கள் தயார். பேருந்தே இல்லாத ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு விடுதி மூடினால் படிப்பும் மூடும்.

சிறுபான்மை நிறுவனம் என்ற முறையில் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்பீர்கள். அரசியல் சாசனத்தின் 30(1)-ஆம் பிரிவு தரும் அந்த உரிமைக்காக நாங்களும் உங்களோடு தெருவில் நிற்போம். கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தெரியும். ஆனால் நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று 1958-இல், கேரளக் கல்வி மசோதா வழக்கில், அதே நீதிமன்றம் சொன்னது. சட்டம் கிடக்கட்டும். 1965 அக்டோபர் 28-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளியின் தனித்தன்மை சுதந்திரமும் அன்பும் நிறைந்த நற்செய்திச் சூழலை உருவாக்குவதில் இருக்கிறது என்கிறது. ஏழைகள், குடும்பத்தின் அரவணைப்பை இழந்தவர்கள், நம் விசுவாசத்தில் இல்லாதவர்கள் ஆகியோர் மீது தனி அக்கறை காட்டச் சொல்கிறது. பள்ளியிலிருந்து விலக்க இந்தப் படிவம் வழிசெய்திருப்பது ஏறக்குறைய அதே மூன்று வகைப் பிள்ளைகளைத்தான். வசதி படைத்தவர்களுக்கே கவனம் கொடுத்தால் கத்தோலிக்கப் பள்ளி அவர்களுடைய சலுகையைக் காப்பாற்றும் கருவியாகிவிடும் என்று 1977-இல் வத்திக்கானின் கல்விப் பேராயம் எச்சரித்தது. இந்த ஏடுகள் குருமடத்தில் நீங்கள் படித்தவை. அவற்றை உங்களிடம் எடுத்துச் சொல்லும் நிலை வந்ததே என்று வருந்துகிறோம்.

எனவே நாங்கள் கேட்பது இவை.

ஒப்புதல் படிவத்தைப் பள்ளி திறக்கும் முன் எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்தவர்களின் தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். படிவம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் முதல் நாளில் வெளியே நிற்கக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைக் காட்டி இந்த மே மாதத்தில் டி.சி. கொடுக்கப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் ஜூன் மாதத்துக்குள் வீடு தேடிப் போய் அழைத்து வாருங்கள். எமிஸ் தொகுப்பில் அவர்கள் பெயர் கிடைக்கும். அவர்களுக்கான தனிப் படிப்புத் திட்டத்தைப் பாடவாரியாக ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்களே எழுதித் தருகிறோம், கற்பிக்கவும் வருகிறோம்.

ஆறாம் வகுப்புத் தமிழ்வழிச் சேர்க்கையை உடனே திறந்து, ஆகஸ்ட் 1-க்கு முன் ஊர் ஊராக அறிவியுங்கள். சேர்க்கை அறையில் இரண்டு வழிக் கல்வியின் பலன்களையும் இழப்புகளையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பெற்றோருக்கு வாயால் சொல்லுங்கள்.

கட்டாயக் கட்டணப் பயிற்சியை நிறுத்தி, மாலைப் படிப்பை இலவசமாகத் தொடருங்கள். திருப்பலி அட்டையைக் கைவிடுங்கள். பிற சமயப் பிள்ளைகளுக்கு வழிபாட்டில் கட்டாயம் இல்லை என்பதை நாட்குறிப்பேட்டில் அச்சிடுங்கள். செவ்வாய், வியாழன் பாடவேளைகளைத் திருப்பித் தாருங்கள். விடுதி உரிமம் பற்றி ஆட்சியர் அலுவலகம் கேட்டிருக்கும் குறைகளின் பட்டியலை எங்களுக்குக் காட்டுங்கள்.

புதிய விதிகள் தேவை என்று கருதினால், அவற்றை எழுதும் குழுவில் பெற்றோர் நால்வர், அவர்களில் இருவர் கிளைக்கிராமத்தினர், ஆசிரியர் இருவர், மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் இடம்பெற வேண்டும். பிள்ளையிடம் பள்ளி எதிர்பார்ப்பதை எழுதும் தாளின் மறுபக்கத்தில், பள்ளியிடம் பிள்ளை எதிர்பார்க்கலாம் என்று நீங்கள் உறுதியளிப்பவையும் இருக்க வேண்டும். அதில் தாளாளர் கையெழுத்திட வேண்டும்.

இது பற்றிப் பேச ஆயர் அவர்கள் மே மாதம் முடிவதற்குள் ஒரு நாளைக் குறித்துத் தர வேண்டும். கூட்டம் மாலையில், பள்ளி வளாகத்தில் நடந்தால் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரும் வர முடியும். பதில் வராவிட்டால் இந்த மடலின் நகலை முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் மனுவாகக் கொடுப்போம்.

இப்படிக்கு,
பெற்றோர், முன்னாள் மாணவ மாணவியர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்